விளக்கைத் திறப்பவர்கள்

"ஐ ஓப்பன் பஸ், டுவெல்வ் இயர்ஸ்" என்று அவர் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார்.

சிங்கப்பூரின் அங் மோ கியோவில் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் உள்ள அறை, நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு. சனிக்கிழமை மாலை ஐந்தரை மணி. பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்பது பேர். எல்லோரும் சீனாவிலிருந்து வேலைக்காகவோ பிள்ளைகளுக்குத் துணையாகவோ சிங்கப்பூர் வந்தவர்கள். அவர் சொன்னதும் பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள் தலையாட்டினார், அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்தது, ஆனால் தவறாக. பணிமனையில் அதிகாலையில் பஸ் கதவுகளைத் திறந்துவைக்கும் வேலை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். அரை மணி நேரம் கழித்து, எந்தத் தடம் என்ற பேச்சு வந்தபோதுதான் அவர் இரண்டு கைகளையும் காற்றில் வைத்து ஒரு பெரிய சக்கரத்தை வளைத்துத் திருப்பிக் காட்டினார். பன்னிரண்டு ஆண்டுகளாகப் பஸ் ஓட்டுகிறவர். ஊரில் ஏழு ஆண்டு, இங்கே ஐந்து ஆண்டு.

அந்த அரை மணி நேரம் என் மனத்தை இன்னும் உறுத்துகிறது. தன் தொழிலைத் தெளிவாகச் சொன்ன ஒருவரை நான் வேறு யாராகவோ நினைத்து உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து இந்த வகுப்பில் 'ஓப்பன்' என்ற ஒரே வினைச்சொல்லுக்கு மூன்று வாரம் ஒதுக்குகிறேன். இலக்கணப் புத்தகத்தில் காலங்களுக்கும் முன்னொட்டுகளுக்கும் தனித்தனி அத்தியாயம் இருக்கும். 'ஓப்பன்' முதல் பாடத்திலேயே முடிந்துவிடும்: கதவின் படம், பக்கத்தில் சீன எழுத்து, அவ்வளவுதான். சிக்கல் அந்தப் படத்திலேயே தொடங்குகிறது.

சீன மொழியில் 'திற' என்பதற்கான சொல்லின் ஒலி ஏறக்குறைய நம் 'கை'. முதலில் கொஞ்சம் மூச்சுக்காற்றைச் சேர்த்து, குரலை மேலே தூக்கி, இறக்காமல் சமமாக நீட்டிச் சொல்ல வேண்டும். பழைய எழுத்து வடிவத்தைப் பார்த்தால் ஒரு தமிழருக்கு உடல் சிலிர்க்கும். இரட்டைக் கதவு ஒன்று. அதற்குள் குறுக்கே ஒரு கோடு, தாழ்ப்பாள். தாழ்ப்பாளுக்குக் கீழே அதைத் தூக்கும் இரண்டு கைகள். எழுத்திலும் கை, நம் காதுக்கு ஒலியிலும் கை. 1956-இல் சீன அரசு எழுத்துகளை எளிமையாக்கியபோது அந்தக் கதவு போய்விட்டது. தாழ்ப்பாளும் கைகளும் மட்டும் நின்றன. சிங்கப்பூரும் 1969 முதல் எளிய வடிவங்களைப் பின்பற்றத் தொடங்கியது. கதவோடு கூடிய எழுத்தை இங்கே பழைய கடைகளின் பெயர்ப்பலகைகளில்தான் தேட வேண்டும்.

எழுத்தில் கதவு போனது 1956-இல் என்றாலும் பேச்சில் அந்தச் சொல் வெகுகாலம் முன்பே கதவைவிட்டு வெளியே நடந்துவிட்டது. 'கை தெங்' என்றால் விளக்கைப் போடு. 'கை ச்செ' என்றால் வண்டி ஓட்டு. 'கை ஹுவெய்' என்றால் கூட்டம் நடத்து. வைத்தியர் மருந்து எழுதிக் கொடுப்பதும் 'கை', அறுவை செய்வதும் 'கை', காசோலை எழுதுவதும் 'கை'. பூ பூப்பதும் அதுவே. கேலி பேசுவதும் அதுவே. அடுப்பில் வைத்த தண்ணீர் கொதித்துவிட்டால் 'தண்ணீர் திறந்துவிட்டது' என்பார்கள். கொதிக்கவைத்த குடிநீருக்கே 'திறந்த தண்ணீர்' என்று பெயர். மின்சுவிட்சின் பெயர் 'கை குவான்', அதாவது 'திற மூடு'. சுவிட்சுக்கே திற மூடு என்று பெயர் வைத்திருக்கும் ஒருவர், விளக்கைத் திறக்கிறேன் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வார்?

இதைக் கேட்டு வியப்பவர்களிடம் நம் 'போடு' என்ற சொல்லைப் பற்றிச் சொல்வேன். கோலம் போடுகிறோம், காப்பி போடுகிறோம், சட்டை போடுகிறோம், சண்டை போடுகிறோம். கணக்கும் போடுகிறோம், தடுப்பூசியும் போடுகிறோம். ஆடு குட்டி போடுகிறது. இதில் எதையாவது கையிலிருந்து கீழே போடுகிறோமா? அகராதியில் 'போடு' என்பதற்கு நேரே ஓர் ஆங்கிலச் சொல்லைக் குறித்துக்கொண்டு, ஒரு சீனர் தமிழ் பேச வந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு மொழியிலும் இப்படி ஊரார் வேலையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யும் சில சொற்கள் உண்டு. மொழி கற்கிறவர் தடுக்கி விழுவது பெரும்பாலும் அவற்றில்தான். அரிய சொற்களில் யாரும் விழுவதில்லை, அவற்றை அகராதியில் பார்த்துவிடுவார்கள்.

நானும் விழுந்திருக்கிறேன். கும்பகோணத்தில் எட்டாம் வகுப்பு படித்தபோது ஆங்கிலக் கட்டுரையில் 'அமைச்சர் சிலையை ஓப்பன் செய்தார்' என்று எழுதினேன். தமிழ்ச் செய்தித்தாளில் சிலை திறப்பு விழா என்றுதானே வருகிறது? விடைத்தாள் திரும்பி வந்தபோது அந்தச் சொல்லின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் சரியான சொல் இல்லை, காரணமும் இல்லை. ஜூன் 12 நெருங்கினால் எங்கள் டெல்டா ஊர்களில் மேட்டூர் திறப்பைத் தவிர வேறு பேச்சிருக்காது. அணையைத் திறப்பார்கள், தண்ணீரைத் திறந்துவிடுவார்கள், குறுவைக்கு வாய்க்காலில் வந்து சேரும். அதையும் அதே கட்டுரையில் எழுதியிருந்தேன். அங்கேயும் ஒரு சிவப்புக் கோடு. ஆங்கிலத்தில் சிலையின் திரையை விலக்குவார்கள், தண்ணீரை விடுவிப்பார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. அந்தக் கோட்டுக்குப் பதிலாக யாராவது ஒருவர், "உங்கள் வீட்டில் இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும் வேலை. நான் சிவப்புப் பேனா வைத்துக்கொள்வதில்லை. தவறு வந்தால் முதலில் அதைத்தான் கேட்கிறேன்: ஊரில் இதை எப்படிச் சொல்வீர்கள்?

சரி, பாடத்துக்கு வருகிறேன். ஆங்கில 'ஓப்பன்' எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது? நான் சொல்லிக்கொடுக்கும் சோதனை ஒன்று உண்டு. அந்தச் செயலை முடித்த பிறகு, உள்ளே என்று ஓர் இடம் கிடைக்கிறதா? அந்த இடத்துக்குள் எதாவது நுழைய முடியுமா? கதவைத் திறந்தால் ஆள் நுழையலாம். பெட்டியைத் திறந்தால் கை நுழையும். புத்தகத்தைத் திறந்தால் இரண்டு பக்கங்களுக்கு நடுவில் விரல் நுழையும். கண்ணைத் திறந்தால் வெளிச்சம். குடையைத் திறந்தால் அதன் கீழே நாமே நுழைந்துகொள்கிறோம். வங்கிக் கணக்கைத் திறந்தால் பணம் நுழைகிறது. இவற்றுக்கெல்லாம் 'ஓப்பன்' தாராளமாக வரும். விளக்கைப் போட்ட பிறகு விளக்குக்குள் எதுவும் நுழைவதில்லை. மின்விசிறி, தொலைக்காட்சி, ஏர்கான் எல்லாம் அப்படியே. அவற்றுக்கு 'டர்ன் ஆன்' அல்லது 'ஸ்விட்ச் ஆன்'. வண்டிக்கு 'டிரைவ்'. கூட்டத்துக்கு 'ஹோல்ட்' அல்லது 'ஹேவ்'. கூட்டத்தை 'ஓப்பன்' செய்வதும் ஆங்கிலத்தில் உண்டு, ஆனால் அது தலைவர் எழுந்து முறைப்படி தொடங்கிவைப்பதை மட்டும் குறிக்கும். இந்தச் சோதனை எல்லா இடத்துக்கும் தாங்காது. கைபேசிச் செயலியை 'ஓப்பன்' செய்கிறோம், அதற்குள் எது நுழைகிறது என்று இளையவர்கள் கேட்பார்கள். "உங்கள் விரல்தான்" என்பேன். பத்தில் எட்டு இடங்களில் கைகொடுக்கிற சோதனை, தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு அது போதும்.

தண்ணீர்க் குழாய் இந்தச் சோதனையின் எல்லைக்கோட்டில் நிற்கிறது. தமிழர்கள் எல்லோரும் குழாயைத் திறக்கிறோம், ஆங்கிலத்திலும் 'ஓப்பன் தி டாப்' என்று சொல்லிவிடுகிறோம். ஆங்கிலேயர் வீட்டில் 'டர்ன் ஆன்' என்பார்கள். வால்வைத் திறப்பது என்று பிளம்பர் சொன்னால் அது சரி.

ஏன் 'டர்ன்', எதைத் திருப்புகிறோம் என்று ஒருமுறை அந்தப் பஸ் ஓட்டுநரே கேட்டார். நல்ல கேள்வி. இன்றைய சுவிட்சில் திருப்ப எதுவும் இல்லை, தட்டினால் போதும். அந்தச் சொல் குழாய்த் திருகின் காலத்தைச் சேர்ந்தது. லண்டன் பால் மால் தெருவில் 1807-இல் வாயு விளக்குகள் எரிந்தன. பிறகு வீடுகளுக்கும் வாயு வந்தது. சின்னத் திருகைத் திருப்பினால்தான் வாயு வரும், பற்றவைக்கலாம். திருகு போய் மின்சுவிட்சு வந்த பிறகும் 'டர்ன்' போகவில்லை. அவருக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. காற்றில் ஒரு திருகைத் திருப்பியபடியே "டர்ன் ஆன், டர்ன் ஆன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதன் பிறகு அவர் அந்தச் சொல்லில் தவறு செய்து நான் கேட்டதில்லை. ஒரு சொல்லை மனப்பாடம் செய்வதைவிட அதன் கைவேலையைப் பார்த்துவிட்டால் அது எளிதில் மறப்பதில்லை.

நமக்கும் விளக்கு விஷயத்தில் தனிக் கூச்சங்கள் உண்டு. எங்கள் பாட்டி மாடத்து விளக்கை 'அணை' என்று சொல்லவே விடமாட்டார். 'குளிர வை' என்பார். தானாக அணைந்துவிட்டால் 'மலையேறிவிட்டது' என்பார். இதை வகுப்பில் சொன்னபோது ஒன்பது பேரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். 'விளக்கைத் திற' என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அவர்களுக்கு அன்றைக்குத்தான் தோன்றியிருக்க வேண்டும். தாய்லாந்தில் விளக்கைத் திறக்கிறார்கள், பிலிப்பீன்ஸிலும் திறக்கிறார்கள். இதே ஊரில் என் மலாய் அண்டை வீட்டுக்காரரும் 'புக்கா லாம்பு', விளக்கைத் திற, என்றுதான் பேரனிடம் சொல்கிறார். ஆங்கிலம்தான் இந்த வட்டாரத்தில் வேறு வழியில் போகிறது.

ஆனால் இந்தச் சொல்லை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லிக்கொடுப்பதற்குக் காரணம் வேறு.

வகுப்பில் ஏர்கான் பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவர் இருந்தார். ஒரு வீட்டில் வேலையை முடித்துவிட்டு, சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, "ஐ ஓப்பன் ஏர்கான், ஓகே?" என்று கேட்டிருக்கிறார். அந்த வீட்டு அம்மாள் பதறி, வேண்டாம் வேண்டாம், திறக்காதே என்று தடுத்துவிட்டார். மறுபடியும் மூடியைக் கழற்றப்போகிறான் என்று அவர் பயந்திருக்கிறார். அந்த அம்மாள் ஏன் தடுக்கிறார் என்று புரியாமல் இளைஞர் வியர்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஏர்கானை 'ஓப்பன்' செய்வது என்றால் ஆங்கிலத்தில் அதன் உறையைத் திறப்பதுதான். கை உள்ளே நுழையும் அல்லவா?

அவர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வேறொரு கேள்வி எழுந்தது. பலகையில் சர்க்யூட் பிரேக்கர் படம் ஒன்று வரைந்து, "உங்கள் மேற்பார்வையாளர் 'ஓப்பன் தி பிரேக்கர்' என்று சொன்னால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. விரலால் மேல்நோக்கித் தட்டிக் காட்டினார். மின்சாரத்தைக் கொடுத்துவிட்டார்.

மின்பொறியாளர்களின் ஆங்கிலத்தில் 'ஓப்பன்' என்றால் தொடர்பு முனைகளைப் பிரிப்பது, அதாவது மின்னோட்டத்தை நிறுத்துவது. 'க்ளோஸ்' என்றால் முனைகளைச் சேர்ப்பது, மின்சாரம் பாயும். வீட்டுச் சீனத்துக்கு அது நேர் எதிர். சீனத்திலும் இந்தத் தொழிலுக்கென்று தனிச்சொற்கள் உண்டு. பெரிய சுவிட்சைப் போட்டு மின்சாரம் கொடுப்பதை அவர்களும் 'சேர்ப்பது' என்றுதான் சொல்வார்கள். அந்த இளைஞருக்கு அது தெரியும், கேட்டபோது சரியாகச் சொன்னார். ஆனால் ஆங்கிலத்தில் 'ஓப்பன்' என்று காதில் விழுந்ததும் மனம் தொழிற்சொல்லுக்குப் போகாமல் வீட்டுச் சொல்லுக்கு ஓடிவிட்டது. முதல் பாடத்தில் ஆழப் பதிந்தது அதுதான்.

என் அப்பா வயர்மேனாக இருந்தவர். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினால் அதைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு வரமாட்டார். தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பையை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வேலையில் கைவைப்பார். "கட்டை என்னிடம் இருக்கிறவரை யாரும் சப்ளை கொடுக்க முடியாது" என்பார். அந்தத் தட்டல் என் கண்முன் வந்தது. அன்று வகுப்பில் வேறு எதையும் நடத்தவில்லை. யார் எந்தச் சொல்லைச் சொன்னாலும் தொடுவதற்கு முன் "பவர் ஆன், ஆர் பவர் ஆஃப்?" என்று திருப்பிக் கேட்க வேண்டும், பதில் வந்த பிறகும் சோதனைக் கருவியால் பார்க்க வேண்டும் என்று சொல்லி, அந்த ஒரு கேள்வியை எல்லோரையும் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தேன். பஸ் ஓட்டுநர், சமையற்காரர், பேத்தியைப் பார்த்துக்கொள்ள வந்த பாட்டி, எல்லோரும் சொன்னார்கள். யாரும் எனக்கெதற்கு இது என்று கேட்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எழுதும்போது அதிகம் இடறுவது இதில்தான். கடை திறந்திருக்கிறது என்பதற்கு ஆங்கிலத்தில் 'இஸ் ஓப்பன்', மூடியிருக்கிறது என்பதற்கு 'இஸ் க்ளோஸ்டு'. ஒன்றுக்கு வால் இல்லை, மற்றதற்கு வால் உண்டு. இரண்டையும் ஒரே அச்சில் வார்க்க நினைத்து 'தி பேங்க் இஸ் ஓப்பன்டு' என்றோ 'தி பேங்க் இஸ் க்ளோஸ்' என்றோ எழுதிவிடுவார்கள். இதற்கு விளக்கத்தைவிடக் கடைக் கண்ணாடியில் தொங்கும் பலகை உதவும். ஒரு பக்கம் 'ஓப்பன்', திருப்பினால் 'க்ளோஸ்டு'. எல்லோரையும் ஒரு பலகையைப் படம் எடுத்து வரச் சொல்வேன்.

மூன்றாம் வாரத்தின் கடைசியில் அந்தப் பாட்டி கையைத் தூக்கினார். வகுப்பிலேயே மூத்தவர், என்னை 'லாவ்ஷி' என்று அழைப்பார். ஆசிரியரே என்று பொருள். அவரை நான் 'ஆன்ட்டி' என்றுதான் கூப்பிடுகிறேன், இந்த ஊர் வழக்கம். பேத்தி தொடக்கப்பள்ளியில் சேர்ந்திருக்கிறாள். வகுப்பாசிரியரைப் பார்த்து, குழந்தை பள்ளிக்குப் போவது எனக்கு 'கை ஷின்' என்று சொல்ல வேண்டும், எப்படிச் சொல்வது? 'ஷின்' என்றால் இதயம். 'ஐ ஆம் ஓப்பன் ஹார்ட்' என்று அவரே எழுதிப் பார்த்திருந்தார். ஆங்கிலத்தில் அந்த இரண்டு சொற்களும் சேர்ந்தால் இதய அறுவை நினைவுதான் முதலில் வரும் என்பதைச் சொன்னேன். 'ஹேப்பி' என்று எழுதுங்கள் என்றேன்.

அவர் எழுதவில்லை. 'ஹேப்பி'க்கு அவருக்கு வேறு சீனச் சொற்கள் தெரியும், இது அது இல்லை என்றார். என்ன வேறுபாடு என்று கேட்டேன். ஆங்கிலம் போதவில்லை, சீனத்தில் அவர் சொன்னதை முழுதும் பிடிக்க எனக்கும் போதவில்லை. அவர் வலக்கையை மூடி நெஞ்சில் வைத்தார். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக, மிக மெதுவாக விரித்தார். தமிழில் இதற்குச் சொல் இருக்கிறது, மனம் மலர்ந்தது என்போம் என்று சொல்லி, பூ விரிவதையும் மனம் விரிவதையும் நாங்களும் ஒரே சொல்லால்தான் சொல்கிறோம் என்றேன். பஸ் ஓட்டுநர் அதை மற்றவர்களுக்கு மொழிபெயர்த்தார்.

பாட்டி நோட்டுப் புத்தகத்தில் 'ஹேப்பி' என்று எழுதினார். அதன் பக்கத்தில், விரல்கள் விரிந்த ஒரு சின்னக் கையை வரைந்துகொண்டார்.